ஜீப்பின் மூக்கில் ஒரு சல்லடை

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் வத்தலக்குண்டில் வண்டியை நிறுத்திக் காபி சாப்பிடுவது வழக்கம். அடுத்த தடவை நிறுத்தும்போது, காபி வருவதற்குள் வண்டியின் முன்பக்கம் போய் அதன் மூக்கைச் சற்று உற்றுப் பாருங்கள். ஜீப்பிலும், ஜீப்பின் ஜாதியைச் சேர்ந்த பெரிய வண்டிகளிலும், வரிசைப் பற்கள் போல நிற்கிற அந்த முன் கிரில்லுக்கு மேலே சிலர் மெல்லிய வலை ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அதில் ஒட்டிக்கொண்டிருப்பவை என்னென்ன! ஈசல் இறக்கை, தட்டானின் வால், பட்டாம்பூச்சியில் ஒரு பாதி, பெயர் தெரியாத வண்டுகள் பத்துப் பன்னிரண்டு. காபியைக் குடித்து முடித்துவிட்டே பார்த்திருக்கலாம் என்று தோன்றினாலும் தோன்றும்.

"இதெல்லாம் மெக்கானிக் சமாசாரம், நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. இந்த வலை ஒரு சல்லடை. சல்லடையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட மோட்டார் சாமான் கடைக்காரருக்குத் தெரியாது. மாவு சலிக்க எந்தக் கண், ரவை சலிக்க எந்தக் கண், அடைத்துக்கொண்டால் எந்தப் பக்கத்திலிருந்து தட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத்தானே கைவந்த விஷயம்?

கிரில்லுக்குப் பின்னால்தான் ரேடியேட்டர் இருக்கிறது. என்ஜினின் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு வரும் தண்ணீர் அதன் மெல்லிய குழாய்களில் ஓடுகிறது. குழாய்களுக்கு நடுவே காகிதம் மாதிரி தகடுகள் நெருக்கமாக நிற்கின்றன. வெளிக்காற்று தகடுகளின் சந்து வழியே புகுந்து வெளியேறினால்தான் தண்ணீர் ஆறும். குளிர்சாதனம் உள்ள வண்டியில் ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர் என்று இன்னொரு தகட்டுப் படலமும் நிற்கும். ஒரு ஈசல் போய் அந்தச் சந்தில் அப்பிக்கொண்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆயிரம் ஈசல் அப்பிக்கொண்டு, காய்ந்து, அதன்மேல் புழுதியும் படிந்தால் அங்கே காற்றுக்கு வேலையில்லை. குத்தி எடுக்கப் போனால் தகடு மடங்கும். ஆகவே பூச்சியை வாசலிலேயே தடுத்துவிடலாம் என்பது வலையின் தத்துவம். ஆஸ்திரேலியாவில், வெட்டுக்கிளிக் கூட்டமும் புல்விதையும் மிகுந்த உள்நாட்டுப் பாதைகளில் ஓடும் வண்டிகளுக்கு இது சர்வ சாதாரணமான உபகரணம்.

யோசனை நல்லதுதான். ஆனால் பழனி மலைப் பாதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பூச்சி சேருவது ஓர் இடம், அதற்கு விலை கொடுப்பது வேறோர் இடம்.

மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ சமவெளிச் சாலையில் மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறோம். அந்த வேகத்தில் பூச்சிகளுக்கு ஒதுங்க நேரம் ஏது? படபடவென்று வந்து மோதுகின்றன. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலமானால், விளக்கைப் பார்த்து ஈசல் கூட்டமே எதிர்கொண்டு வருகிறது. பூச்சி மட்டுமா? களத்தில் அடிக்க வேண்டிய கதிரைச் சாலையில் பரப்பி வைத்திருப்பார்கள். அதன் தூசும் வைக்கோலும் பறக்கும். தேனி, போடி பக்கம் போய் வந்தால், இலவங்காய் வெடிக்கிற மாதங்களில் பஞ்சு வேறு. பூச்சி வலையை அடைப்பதில் பூச்சியைவிட இலவம்பஞ்சு கெட்டிக்காரப் பொருள். இத்தனை சேர்ந்தாலும் சமவெளியில் வண்டி ஒன்றும் சொல்லாது. வேகமே காற்றை உள்ளே தள்ளிவிடுகிறது.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கதை மாறுகிறது. அங்கிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரம். 1914-ஐ ஒட்டி மோட்டார் பாதை வருகிற வரையில் பெரியகுளத்துப் பக்கத்திலிருந்து டோலியிலும் மட்டக் குதிரையிலும் ஏறின உயரம் அது. இப்போது இரண்டாவது கியரில், இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில், என்ஜின் முழுப் பலத்தையும் போட்டு இழுக்கிறது. உஷ்ணமோ அதிகம், உள்ளே வருகிற காற்றோ குறைவு. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் விசிறி ஒன்றுதான் இழுத்துக்கொள்ள வேண்டும். மேலே போகப் போகக் காற்றும் மெலிகிறது. ஏழாயிரம் அடியில் அதன் கனம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அங்கே காற்று குளிர்ந்திருப்பதால் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். உண்மையான சோதனை, மலையின் அடிப்பாதியில்தான். டம்டம் பாறை வரைக்கும், ஊத்து வரைக்கும், வெயில் சமவெளி வெயில், ஏற்றம் மலை ஏற்றம். போதாக்குறைக்குச் சீசன் நெரிசல். 2024 மே மாதத்தில் கோர்ட்டு உத்தரவுப்படி இ-பாஸ் முறை வந்தது என்றால், நெரிசல் எந்த மட்டுக்கும் போயிருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். வரிசையில் நகர்ந்து நகர்ந்து நிற்கிற வண்டிக்குக் காற்று எங்கிருந்து வரும்?

திண்டுக்கல்லில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு வெகு நாளாக ஒரு ஜீப் வாங்க வேண்டுமென்று ஆசை. வாங்கினார். வாங்கிய கையோடு, வீட்டு ஜன்னலுக்கு அடித்தது போக மிச்சம் கிடந்த கொசு வலையை வெட்டி, கிரில்லுக்குப் பின்னால் கட்டுக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். போடியில் ஒரு கல்யாணம், பெரியகுளத்தில் ஒரு சீமந்தம் என்று வண்டி நாலு இடம் போய்வந்தது. மே மாதம் எல்லோருமாகக் கொடைக்கானல் கிளம்பினோம். மலையேறி அரை மணி ஆவதற்குள் உஷ்ணம் காட்டும் முள் மெள்ள மெள்ளச் சிவப்புப் பக்கம் சாய்ந்தது. ஒரு வளைவு தாண்டினதும் பானெட்டுக்கு அடியிலிருந்து புகை மாதிரி ஆவி வந்தது. ஓரம் கட்டினோம். சித்தப்பா துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார்.

"அண்ணே! அண்ணே! மூடியைத் தொடாதீங்க!" என்று எதிரே இறங்கி வந்த காய்கறி லாரியிலிருந்து ஒரு குரல். டிரைவர் லாரியை நிறுத்திவிட்டு இறங்கியே வந்துவிட்டார். "அரை மணி நேரம் ஆறட்டும், அண்ணே. இல்லாட்டி மூஞ்சியெல்லாம் வெந்துபோகும்" என்று சொல்லிப் பின் சக்கரத்துக்கு இரண்டு கல்லையும் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

குரங்குகள் வாழைப்பழச் சீப்பைப் பங்கிட்டுக்கொண்டிருந்த அந்த அரை மணியில், சித்தி முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, இதைக் கட்டினதுக்கப்புறம் ஒரு நாளாவது கழுவினீங்களா?"

"உயர்ந்த வலை அது. கொசுகூட நுழையாது" என்றார் சித்தப்பா, பெருமையோடு.

"கொசு நுழையாது, சரி. காத்து நுழையுமா?"

கட்டுக் கம்பியை முறுக்கி அவிழ்த்து வலையை வெளியே எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தாள். வெளிச்சம் தெரிந்த இடம் ஓரங்களில் நாலு விரற்கடை அகலந்தான். நடுவெல்லாம் பஞ்சும் பூச்சியும் புழுதியும் சேர்ந்து கம்பளி மாதிரி இருந்தது. "டீ வடிகட்டியை நாலு நாள் கழுவாம வச்சா டீ இறங்குமா?" என்று கேட்டாள். சித்தப்பா பதில் சொல்லவில்லை. ஆறின பிறகு தண்ணீர் ஊற்றி, வலை இல்லாமலேயே கிளம்பினோம். முள் நடுவிலேயே நின்றது. பெருமாள்மலை வரையில் அசையவில்லை.

அந்த லாரி டிரைவர் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. பிரஷர் குக்கர் மூடி. உள்ளே இருக்கும் அழுத்தமும் கிட்டத்தட்டக் குக்கரில் இருக்கிற அழுத்தமே. கொடைக்கானலில் வெறும் பாத்திரத்தில் பருப்பு வேகாது என்பதைப் போய்த் தங்கினவர்கள் அறிவார்கள். அங்கே தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கரில் அழுத்தம் கூடுவதால் கொதிக்கும் உஷ்ணமும் கூடுகிறது, பருப்பு வேகிறது. ரேடியேட்டரிலும் இதே வித்தைதான். மூடி அழுத்திப் பிடித்திருப்பதாலும் கூலண்ட் கலந்திருப்பதாலும், உள்ளே இருக்கிற நீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அந்த நிலையில் மூடியைத் திறந்தால், வெயிட்டை எடுக்காமல் குக்கரைத் திறந்த கதிதான். குக்கரின் ரப்பர் வளையம் தேய்ந்துபோனால் விசில் வராமல் ஓரத்தில் ஆவி சீறுகிறதல்லவா? ரேடியேட்டர் மூடியிலும் ரப்பர் உண்டு. அது தேய்ந்திருந்தால் மலைமேல் சீக்கிரம் கொதிக்கும். மலைக்குப் போகுமுன் அதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

சரி, வலை வேண்டுமா, வேண்டாமா? ஊருக்குள்ளேயே ஓடி, வருஷத்துக்கு ஒரு தடவை மலைக்குப் போகிற வண்டிக்கு வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். சர்வீஸுக்கு விடும்போது ரேடியேட்டரைச் சுத்தம் செய்யச் சொன்னால் போதும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டம் உள்ளவர்கள், மன்னவனூர்ப் புல்வெளிப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள், இரவில் சமவெளிச் சாலையில் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் ஆகியோருக்கு அது பயன்படும். ஆனால் சித்தப்பாவின் கொசு வலை உதவாது.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஜன்னல் கொசு வலையில் ஒரு கண்ணின் அகலம் சுமார் 1.2 மில்லிமீட்டர், இழையின் தடிமன் 0.3. இந்த இரண்டையும் கூட்டினால் 1.5. அதில் திறப்பு 1.2, அதாவது நூற்றுக்கு எண்பது. நீளத்திலும் எண்பது, அகலத்திலும் எண்பது என்றால் பரப்பில் 64 தான். நூற்றில் 36 பங்கு, ஒரு பூச்சிகூட வந்து ஒட்டுமுன்பே மூடிக் கிடக்கிறது! கண் 4 மில்லிமீட்டரும் இழை 0.5 மில்லிமீட்டரும் உள்ள வலையில் இதே கணக்குப் போட்டால் 79 வருகிறது. ஈசலும் தட்டானும் வண்டும் அந்தக் கண்ணில் நுழையாது. கொசு நுழையும், நுழைந்துவிட்டுப் போகட்டும், ரேடியேட்டரைக் கொசு கடிக்கப் போவதில்லை. மாவுச் சல்லடை வேண்டாம், ரவைச் சல்லடைக்கும் மேலே பெரிய கண்ணாகப் பாருங்கள் என்று கடையில் சொன்னால் விஷயம் முடிந்தது. இரும்புக் கம்பி வேண்டாம், மலை மூடுபனியில் துருப்பிடிக்கும். துருவேறாத எஃகு, அலுமினியம், அல்லது பிளாஸ்டிக் பூசின இழை நல்லது.

எங்கே கட்டுவது? கிரில்லுக்குப் பின்னால் கட்டினால் பார்வைக்கு அழகு. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். கண்ணில் படாத வலை, கழுவப்படாத வலை. முன்னால் கட்டுங்கள்; கொஞ்சம் அவலட்சணமாக இருக்கட்டும், அழுக்கு சேர்ந்தால் தெருவில் போகிறவனாவது சொல்வான். சீட் கவர் தைக்கிற கடையில் கொடுத்தால் ஓரத்தை மடித்து ரெக்ஸின் வைத்துத் தைத்து, மூலைகளில் வளையமும் அடித்துக் கொடுப்பார்கள். இழுத்தால் வரும் ரப்பர்க் கயிறும் கொக்கியும் போட்டு மாட்டினால், ஒரு நிமிஷத்தில் கழற்றலாம். விளக்குக்கும் நம்பர் தகட்டுக்கும் மேலே வரக் கூடாது. புது வண்டிகளில் முன்பக்கம் கேமராவோ உணர்கருவியோ வைத்திருப்பார்கள். அதையும் மறைக்கக் கூடாது. எந்தக் காரணத்தைக் கொண்டும் ரேடியேட்டர்த் தகடுகளுக்கு நடுவே நைலான் கட்டை நுழைத்து வலையைக் கட்ட விடாதீர்கள். அவசரக்காரப் பையன்கள் அப்படிச் செய்வதுண்டு. வண்டி அதிர அதிர, கட்டு குழாயை அறுத்துவிடும்.

இனி, வத்தலக்குண்டுக் காபிக்கு வருவோம். கழற்றிப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். சமவெளியில் சேர்ந்ததையெல்லாம் அங்கே உதறிவிட்டு மலை ஏற வேண்டும். காய்ந்து ஒட்டியிருந்தால் ஈரத் துணியைப் பத்து நிமிஷம் மேலே போட்டு வையுங்கள். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தட்டினால் வந்துவிடும். முன்பக்கத்திலிருந்து தேய்த்தால் சல்லடையில் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும். நேரமில்லை, காபி ஆறிவிடும் என்றால், வலையைக் கழற்றி வண்டிக்குப் பின்னால் போட்டுவிட்டே ஏறலாம். மலையில் அந்த வேகத்துக்குப் பூச்சிகள் காற்றோடு காற்றாக ஒதுங்கிப் போய்விடும், அநேகமாக மோதுவதில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வலை காப்பாற்றுவது ரேடியேட்டரை, பூச்சியை அல்ல. நவம்பர் வாக்கில், பிறகு கோடை மழைக் காலத்தில், தென்னாட்டில் பட்டாம்பூச்சிகள் கூட்டங் கூட்டமாக இடம் பெயர்கின்றன. வடகிழக்குப் பருவமழை சமயத்தில் சமவெளியிலிருந்து மேற்கு மலைத் தொடரை நோக்கியும், ஏப்ரலுக்குப் பிறகு மலையிலிருந்து சமவெளியை நோக்கியும் அவை பறக்கும். கறுப்பில் வெளிர்நீலப் புள்ளியும், அடர்ந்த பழுப்பில் வெள்ளைப் புள்ளியுமாகப் பறக்கிற கூட்டத்தைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். ஓடை குறுக்கிடுகிற இடங்களில் ஈர மணலில் நூற்றுக்கணக்காக உட்கார்ந்து உப்புச் சத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அப்படி உட்கார்ந்திருப்பவை பெரும்பாலும் ஆண்கள்! பெண் பூச்சிகள் முட்டையிட இலை தேடிப் போய்விட்ட நேரத்தில் இவர்கள் கூடிச் சபை நடத்துகிறார்கள். அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து மெதுவாகப் போனால் போதும், எழுந்து வழி விடுவார்கள்.

2017-ல் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆராய்ச்சி முடிவு வந்தது. பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளிலேயே, பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 வருஷங்களில் முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று கண்டார்கள். இங்கிலாந்தில் 2004-ல் காரின் நம்பர் தகட்டில் எத்தனை பூச்சி மோதியிருக்கிறது என்று ஜனங்களையே எண்ணச் சொன்னார்கள். நம் ஊர்க் குழந்தைகளுக்கும் இது நல்ல விளையாட்டு. வலையைக் கழற்றும்போது, தட்டான் எத்தனை, வண்டு எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொல்லலாம். எது என்னவென்று தெரியாவிட்டால் மேலே செண்பகனூரில் 1895-ல் தொடங்கின அருங்காட்சியகம் இருக்கிறது. பழனி மலையின் பட்டாம்பூச்சிகளை அங்கே கண்ணாடிப் பெட்டியில், இறக்கை முழுசாக, பார்க்கலாம்.

வலை சுத்தமாக இருந்தும் முள் சிவப்புக்கு ஏறினால் என்ன செய்வது? முதலில் குளிர்சாதனத்தை நிறுத்துங்கள். உள்ளே சூடு தரும் ஹீட்டரைத் திறந்துவிடுங்கள். பாட்டியும் குழந்தைகளும் கூச்சல் போடுவார்கள், ஆனாலும் என்ஜினின் உஷ்ணத்தில் கொஞ்சம் அந்த வழியே வெளியேறும். வளைவில்லாத இடமாகப் பார்த்து ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அனைவரும் மலைச்சுவர்ப் பக்கமாக இறங்கி நில்லுங்கள். கொதிக்கிற என்ஜின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றவே கூடாது. சூடான கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றின மாதிரி விரிசல் விடும். நன்றாக ஆறின பிறகு மூடியைக் கொஞ்சமாகத் திருப்பி, ஆவி அடங்கவிட்டுத் திறக்க வேண்டும். ஒரு பெரிய கேனில் நல்ல தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். கிளம்பும்போது, வைத்த கல்லை எடுத்து ஓரத்தில் போட மறக்காதீர்கள். நாம் போன பிறகு அந்த வளைவில் மோட்டார் சைக்கிளில் ஒருவன் வருவான்.

கொடைக்கானல் போய்ச் சேர்ந்ததும் வலையைக் குழாயடியில் கழுவிக் காயப்போட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம். ரேடியேட்டரையும் கழுவுகிறேன் என்று வண்டி கழுவுகிற கடைகளில் அழுத்தமான தண்ணீரைப் பீச்ச விடாதீர்கள், தகடுகள் சாய்ந்துவிடும். திரும்பி இறங்கும்போது என்ஜினைப் பற்றிக் கவலையில்லை. அப்போது சூடாவது பிரேக். அது வேறு சமாசாரம்; இன்னொரு வாரம் பார்ப்போம்.